கோவிவனுக்குக் கல் இருக்கிறது, நம் ஊர்ச் சிப்பாய்க்கு?

பதிவு கொஞ்சம் நீளம். ஆற அமர உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் வைத்திருக்கிறேன். டீச்சர் ரிட்டயர் ஆகியும் விடவில்லை என்று சிரிக்காதீர்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் புள்ளலூர் போரைப் பற்றி ஒரு பதிவு சுற்றியது. நம் காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கிறதே, அந்தப் புள்ளலூர்தான். ஹைதர் அலி, திப்பு சுல்தான், கர்னல் பெய்லி, ஜெனரல் மன்றோ என்று நாலு பேர் பெயர் அதில் இருந்தது. "ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்" என்று ஒரு வரியும் இருந்தது. கைதட்டும் படங்கள் நாற்பது, ஐம்பது வந்து விழுந்தன. நல்ல பதிவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த "ஆயிரக்கணக்கானோர்" யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1780 செப்டம்பர் 10. குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஒரு படையோடு வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் மன்றோ பெரிய படையோடு முகாம் போட்டிருந்தார். இரண்டும் சேர வேண்டும் என்பது திட்டம். நடுவில் ஹைதரும் திப்புவும் மறித்துக்கொண்டார்கள். உதவிக்கு அனுப்பிய ஒரு சிறு படை மட்டும் பெய்லியிடம் போய்ச் சேர்ந்தது. அதையும் சேர்த்துப் பெய்லியிடம் இருந்தவர்கள் சுமார் 3,800 பேர். அதில் ஐரோப்பியர்கள் சில நூறு பேர்தான். மற்ற எல்லோரும் நம் நாட்டுச் சிப்பாய்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டும் பீரங்கியும் வெடிமருந்து வண்டிகளைத் தாக்க, வண்டிகள் வெடித்தன. அதோடு பெய்லியின் கதை முடிந்தது. சில மணி நேர நடைத் தொலைவில் இருந்த மன்றோ வந்து சேரவில்லை. அவர் காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் போய்விட்டார்.

பெய்லியைச் சிறைபிடித்து ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோனார்கள். அங்கேயே 1782-ல் இறந்தார். அங்கே திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரின் பெரிய ஓவியம் இருக்கிறது. பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருப்பதை அதில் பார்க்கலாம். சிறைப்பட்ட ஆங்கிலேயர்களில் சிலர் விடுதலையாகி ஊர் போய்ப் புத்தகம் எழுதினார்கள். மறு வருஷம், 1781 ஆகஸ்ட் 27 அன்று, அதே புள்ளலூரில் இன்னொரு போர் நடந்தது. அதில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் இன்றும் வயல்வெளியில் நிற்கின்றன.

இப்போது சிப்பாய் பக்கம் வருவோம். தமிழ், தெலுங்கு, உருது என்று மூன்று மொழி பேசியவர்கள் அந்த வரிசையில் நின்றார்கள். எதிர் வரிசையில் நின்றவனும் இந்த நாட்டான்தான். இரண்டு பக்கத்திலும் விழுந்த அந்தச் சாதாரணக் காலாட்படைக்காரனுக்குத் தூணும் இல்லை, புத்தகமும் இல்லை. ஓவியத்தில் அவனுக்கு முகம் உண்டு, ஆனால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே முகம்.

"அந்தக் காலத்தில் அப்படித்தான் டீச்சர், சாதாரண ஆளுடைய பெயரை எவன் எழுதி வைப்பான்?" என்று ஒரு மாணவன் எழுதினான். இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்துக்கும் ஆயிரத்து நூறு வருஷம் முந்தைய காலத்தைக் காட்டுகிறேன், பாருங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் கிடைத்தது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல். அதாவது நம் காஞ்சியிலிருந்து ஆண்ட ராஜா காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற ஒருவன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான் என்று அந்தக் கல் சொல்கிறது. அவன் ராஜா இல்லை, சேனாதிபதியும் இல்லை. ஒரு குறுநிலத் தலைவரின் வீட்டாரிடம் இருந்த சேவகன். அவன் பெயர், அவன் யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. அவன் பக்கத்திலேயே நின்று இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்த நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர்.

யோசித்துப் பாருங்கள் பிள்ளைகளே. செங்கம் வட்டாரம் முழுக்க இப்படிப்பட்ட கற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. சாதாரண மனுஷன் செத்தால் பெயர் எழுதிக் கல் நடும் பழக்கம் நம்முடையது. அதே மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவர்களை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. ஆக, நாய்க்கும் பெயர் எழுதிய மண்ணில்தான் பிற்பாடு ஆயிரம் ஆயிரமாக மனுஷர்களைப் பெயரில்லாமல் புதைத்திருக்கிறோம்.

சரி, 1780 ரொம்பப் பழசு. முதல் உலகப் போருக்கு வருவோம். அது நம் தாத்தாக்களுக்கு அப்பா காலம்.

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டது, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் கெட்டிக்காரத்தனமாக ஏதாவது செய்பவனை "அவன் ஒரு எம்டன்" என்கிறோம். எதிரிக் கப்பலின் பெயரை நம் பேச்சிலேயே சேர்த்துக்கொண்டோம். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து வெளிநாடு போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். திரும்பி வராதவர்கள் சுமார் 74,000. அதில் நம் பக்கத்து ஆள் ஒருவன் பெயரைச் சொல்லுங்கள் என்றால் யாராலும் சொல்ல முடிவதில்லை.

நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போனார்கள். கர்நாடிக் இன்ஃபன்ட்ரி என்ற பெயர் கொண்ட சென்னை மாகாணப் படைப்பிரிவுகள் மெசொப்பொத்தேமியாவுக்குப் போயின. அதுதான் இன்றைய இராக். பாளையங்கோட்டை பெயர் தாங்கிய 63-ஆம் படைப்பிரிவு கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் இறங்கியது. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, குமட்டலும் வாந்தியுமாகக் கிடந்தவர்களைக் கரையில் இறக்கி, 1914 நவம்பர் 4 அன்று நேராக இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே நடக்க விட்டார்கள். அவர்கள் சிதறி ஓடினார்கள். ஓடியவர்களைப் பற்றி இகழ்ச்சியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் திட்டம் போட்ட அதிகாரிகள் செய்த குளறுபடிதான் தோல்விக்குப் பெரிய காரணம் என்று பிற்காலத்தில் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். எழுத்து யார் கையில் இருக்கிறதோ, பழி அவர்களுக்கு எதிர்ப்பக்கம்தான் போகும்.

பக்கத்து வாலாஜாபாத்துக்குப் பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பீர்கள்? அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு படைப்பிரிவு இருந்தது தெரியுமா? 83-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை. 1794-ல் தொடங்கியது. 1922-ல் மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஒரு பட்டாலியனாகி, பிறகு கலைக்கப்பட்டது. தென்னாட்டான் போருக்கு லாயக்கில்லை என்று ஒரு கொள்கையே வைத்திருந்தார்கள் வெள்ளைக்காரர்கள். அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ராபர்ட்ஸ் என்ற தளபதி. அவர் சென்னைப் படைக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர்! நூறு வருஷம் அவர்களுக்காகச் செத்தவர்களைப் பார்த்து, "உங்களுக்குச் சண்டை வராது" என்றார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஆனதும், அதே மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். அந்தப் பட்டாலியன்கள் பர்மா போர்முனைக்குப் போயின. "வீர மதராசி, அடி கொல்லு" என்ற முழக்கம் அந்த ரெஜிமென்ட்டுடையது. இன்றைக்கு அதன் தலைமையகம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது.

இனி என் மனதை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

1917-ல் லண்டனில் ஓர் ஆணையம் தொடங்கினார்கள். போரில் இறந்த ஒவ்வொருவனுக்கும் பெயர் பொறித்த நினைவு உண்டு, பதவியோ இனமோ மதமோ பார்க்க மாட்டோம் என்பது அதன் கொள்கை. கேட்க நன்றாக இருக்கிறது. பிரான்ஸில் நேவ் ஷப்பேல் என்ற இடத்தில் 1927-ல் இந்தியர்களுக்கென்று ஒரு நினைவிடம் திறந்தார்கள். கல்லறை இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. அது ஐரோப்பா, நாலு பேர் வந்து பார்க்கும் இடம்.

இராக்கில் பாஸ்ரா நினைவிடத்தைப் பாருங்கள். மெசொப்பொத்தேமியப் போரில் இறந்து கல்லறை தெரியாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுப்பியது. வெள்ளைக்காரர் என்றால் சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் எழுதினார்கள். இந்தியர் என்றால் அதிகாரி பெயரை மட்டும் எழுதினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை. அவ்வளவுதான். நம் கர்நாடிக் படைப்பிரிவு ஆட்கள் வெயிலிலும் வாந்தி பேதியிலும் செத்துவிழுந்தது அந்தப் போர்முனையில்தான். 1914-ல் ஒரு சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். அதற்கு ஒவ்வொரு மாதமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுத்திருப்பார்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தது, கல்லில் இல்லை.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று அதில் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க, இந்திய, மேற்கு ஆசிய மக்கள். ஆணையமும் மன்னிப்புக் கேட்டது, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சரும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூறு வருஷம் கழித்து.

அவர்களை மட்டும் சொல்லிவிட்டு நான் ஒதுங்கப் போவதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் அந்தக் காலத்துக் கல்வெட்டுப் பலகைகள் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து 1914 - 1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று எழுதியிருக்கும். அங்கேயும் எண்ணிக்கைதான். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பெயரை எழுதி வைக்க நமக்கு நூறு வருஷம் அவகாசம் இருந்தது. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. யார் நம் கையைப் பிடித்தார்கள்?

மெல்போர்னில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி சொன்னதைக் கேட்டு அசந்துபோனேன். ஆஸ்திரேலியாவில் முதல் உலகப் போருக்குப் போன ஒவ்வொரு சாதாரணச் சிப்பாயின் கோப்பையும் அந்த நாட்டு ஆவணக் காப்பகம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். அவன் உயரம், கண் நிறம், என்ன தொழில் செய்தான், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தான், லீவு முடிந்து லேட்டாக வந்ததற்கு எவ்வளவு அபராதம் என்பதுவரை அதில் இருக்கும். தலைநகர் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தில், இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை வெண்கலப் பலகைகளில் பொறித்திருக்கிறார்கள். அதில் பதவி எழுதவில்லை. கர்னலும் சிப்பாயும் வெறும் பெயர்தான். சின்னச் சின்ன ஊர்களில்கூட நடுத்தெருவில் ஒரு தூணில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர் இருக்குமாம். வருஷா வருஷம் ஏப்ரல் 25 அன்று விடியற்காலையில் போய் நிற்கிறார்களாம். "டீச்சர், என் பையன் பள்ளிக்கூடத்தில் ஒரு சிப்பாயின் பெயரைக் கொடுத்து, இவரைப் பற்றிக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு வா என்கிறார்கள்" என்றாள்.

அந்த ஆஸ்திரேலியச் சிப்பாயும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காகத்தான் போனான். அவனுடைய தோழர்கள் செத்த கலிப்போலிக் கரையில் இந்தியச் சிப்பாய்களும் சண்டை போட்டார்கள். ஒரே போர், ஒரே ராஜா. ஒருவனுடைய லீவு அபராதம்கூட இருக்கிறது, இன்னொருவனுடைய பெயர்கூட இல்லை.

இப்போது நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன். வகுப்பில் எப்போதும் கடைசி பெஞ்சிலிருந்துதான் நல்ல கேள்வி வரும்.

முதல் கேள்வி: "வெள்ளைக்காரனுக்குக் கூலிக்கு மாரடித்தவனை எதற்கு டீச்சர் நினைக்க வேண்டும்?"

நியாயமான கேள்வி. அந்தப் படைகளை வைத்துத்தான் இந்த நாட்டை அடிமையாக வைத்திருந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பட்டாளத்தில் சேர்ந்தவன் யார் என்று பாருங்கள். மழை பொய்த்த ஊரான், கடன்காரன் வாசலில் நின்ற வீட்டான், ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க விடாத சாதியில் பிறந்தவன். பழைய சென்னைப் படையில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஏராளமாக இருந்தார்கள். ஒரு பூட்ஸும் ஒரு சட்டையும் மாதாமாதம் வீட்டுக்கு ஒரு மணியார்டரும் அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கிப் பழகிய நமக்குப் புரிவது கஷ்டம். அதே வெள்ளைக்காரனின் ரயிலில் வேலை பார்த்த தாத்தாவையும் கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த தாத்தாவையும் பெருமையாகத்தானே சொல்லிக்கொள்கிறோம்? துப்பாக்கி தூக்கியவன் மட்டும் எப்படிக் கூலிக்காரன் ஆனான்?

இன்னொன்றும் இருக்கிறது. 1944-ல் இம்பால் மலைகளில் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் தமிழன் இருந்தான். எதிரே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலும் தமிழன் இருந்தான். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்த நம் மக்கள் அவர்கள். ஒருவன் வறுமைக்காகப் போனான், இன்னொருவன் விடுதலைக்காகப் போனான் என்று சுலபமாகப் பிரித்துவிடலாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே மலேரியாவில் நடுங்கினார்கள், ஒரே மழையில் நனைந்தார்கள், இரண்டு பேர் வீட்டிலும் ஒரு அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் பக்கம் நியாயம் என்று வாதாடுங்கள், நானும் வருகிறேன். முதலில் இரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டு வாதாடுவோம்.

இரண்டாவது கேள்வி: "இது போரைக் கொண்டாடுவது ஆகாதா?"

ஆகாது என்பது என் கருத்து. "ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்" என்று எழுதினால்தான் போர் சினிமா போல இனிக்கும். "இன்னார் மகன் இன்னார், இன்ன தெரு, வயது 22, கல்யாணமாகி எட்டு மாதம்" என்று எழுதிப் பாருங்கள். கைதட்டும் படம் போட யாருக்கும் கை வராது. பெயர் தெரிந்தால்தான் போர் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

மூன்றாவது கேள்வி: "இன்றைய ராணுவ வீரர்களைப் பார்க்காமல் பழங்கதை எதற்கு?"

இன்றைய வீரர்களுக்கு டெல்லியில் 2019-ல் தேசிய போர் நினைவகம் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் விட்ட 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. மனதார வரவேற்கிறேன். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்ற ஊரில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருக்கிறார்கள். அங்கே பழசும் புதுசும் ஒரே கயிறுதான். தாத்தாவை மறந்துவிட்டுப் பேரனை மட்டும் கொண்டாட அங்கே யாராலும் முடியாது. நாம் மட்டும் ஏன் வெட்டிப் பிரிக்க வேண்டும்?

நெசவு ஊர்க்காரர்களுக்கு இதை நான் அதிகம் விளக்கவே வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து, கோர்வை போட்டு, கரையும் உடலும் சேரும் இடத்தில் கண்ணைக் கொடுத்து ஒருவர் புடவை நெய்கிறார். டப்பாவில் யார் பெயர் இருக்கிறது? கடைக்காரர் பெயர். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஊர்ப் பெயருக்கு உரிமை வந்தது. நெய்தவர் பெயர் இன்னும் புடவையோடு வருவதில்லை. உழைத்தவன் பெயர் விட்டுப்போவது எப்படி இருக்கும் என்று நம் ஊருக்குத் தெரிந்த அளவு வேறு எந்த ஊருக்குத் தெரியும்?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே அவருக்கு வயதாகிவிட்டது. எல்லோரும் "மிலிட்டரி தாத்தா" என்றுதான் கூப்பிடுவோம். பர்மாவுக்குப் போய் வந்தவர். மழைக்காலம் வந்தால் குளிர்க்காய்ச்சல் வந்து கம்பளியைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் கிடப்பார். போர்க் கதை சொல்லச் சொன்னால், "என்ன கதை? நடந்தோம், நடந்தோம், நடந்துக்கிட்டே இருந்தோம்" என்பார். போருக்காகச் சேர்த்த ஆட்களைப் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷனுக்கு 15 வருஷம் சர்வீஸ் வேண்டும். அவரிடம் ஐந்து வருஷம்கூட இல்லை. கடைசிவரை ஒரு கடையில் வாட்ச்மேனாக இருந்தார்.

சில வருஷங்களுக்கு முன் அந்த வீட்டை இடித்தார்கள். பரணில் ஒரு தகரப் பெட்டி. அதில் துணியில் சுற்றிய டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் இருந்தது. அவர் பேத்தி என்னிடம் கொண்டுவந்து, "டீச்சர், இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றாள். உயரம், மார்பளவு, இடது புருவத்தில் ஒரு தழும்பு, சேர்ந்த தேதி, விட்ட தேதி. கூடவே அவர் பெயரும் அவர் அப்பா பெயரும். படித்துச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தாத்தா பேரு இதுவா டீச்சர்? அம்மா வேற பேரு சொல்லுவாங்களே" என்றாள். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பட்டாளத்தில் எழுதிய பெயர் வேறு. மெடல் எங்கே என்று கேட்டேன். ஒரு கஷ்ட காலத்தில் வெள்ளி விலைக்குப் போட்டுவிட்டார்களாம். அது வெள்ளியா என்பதுகூட யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, வயிறு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் விளிம்பைப் பார்த்தால் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அதை உருக்கினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். விற்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

காலம் நம்மிடம் அதிகம் இல்லை என்பதுதான் என் கவலை. இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கே எழுபது, எண்பது வயது. பழைய வீடுகள் வாரம் ஒன்றாக இடிபடுகின்றன. பரண் பெட்டி பழைய பேப்பர்க்காரரிடம் போகிறது. இன்னும் பத்து வருஷம் போனால், தேட வேண்டும் என்று நினைத்தாலும் கேட்க ஆள் இருக்காது.

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எடுத்தனூரில் கல் நட்டது மகேந்திரவர்மன் இல்லை, அவன் ஊரார். அதனால் வீட்டுப்பாடம் இதோ:

ஒன்று. உங்கள் வீட்டில், மாமனார் வீட்டில், பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டில் யாராவது பட்டாளத்துக்குப் போனார்களா என்று இந்த மாதத்துக்குள் கேளுங்கள். "பர்மா", "பாஸ்ரா", "சிங்கப்பூர்", "ஐ.என்.ஏ." என்ற வார்த்தைகளைச் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். வீட்டுப் பெயர், எழுத்துப் பெயர் இரண்டையும் கேளுங்கள்.

இரண்டு. சர்ட்டிபிகேட், மெடல், பழைய போட்டோ எது இருந்தாலும் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். மெடலின் விளிம்பை மறக்க வேண்டாம். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

மூன்று. போரில் இறந்தவர் என்றால், நான் மேலே சொன்ன ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டல் கன்னாபின்னா என்று இருக்கும், நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள். கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் இதற்கு உதவுங்கள். சென்னைப் பக்கம் போகிறவர்கள் நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. பின்பக்கம் முதல் உலகப் போருக்கான நினைவுச் சின்னமும் உண்டு. ஒரு பெயரை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நான்கு. இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு: எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதையே ஒரு செயல்திட்டமாகக் கொடுங்கள். இணையத்திலிருந்து வெட்டி ஒட்ட முடியாத ஒரே செயல்திட்டம் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுவதுதான்.

கிடைக்கிற பெயர்களை நான் ஒரு நோட்டில் எழுதப் போகிறேன். பெயர், அப்பா பெயர், ஊர், எந்தப் படை, எங்கே போனார், திரும்பினாரா. எந்தப் பக்கம் சண்டை போட்டார் என்று பிரித்து வைக்க மாட்டேன். போதுமான பெயர்கள் சேர்ந்தால், நம் பள்ளிக்கூடத்து நூலகச் சுவரில் ஒரு பலகை வைக்க அனுமதி கேட்போம். பளிங்கு வேண்டாம், கரும்பலகைப் பெயின்ட் அடித்த மரப்பலகை போதும். புதுப் பெயர் கிடைக்கக் கிடைக்க எழுதிக்கொண்டே போகலாம்.

அந்தத் தெருப் பெரியவரின் பெயர் நோட்டில் முதல் வரியாக ஏற்கெனவே இருக்கிறது. வீட்டார் சம்மதம் சொன்னதும் பலகையிலும் ஏறும். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரின் விவரத்தைப் பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். தட்டச்சு வராவிட்டால் வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், நான் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்